அம்மாவின் வாய்ச்சொல்லில் ஓர் எக்செல் பட்டி

555 புத்தகத்தை அறியாத மலேசியக் குடும்பம் அரிது. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு குறிப்பேட்டில்தான் ஒரு காலத்தில் மளிகைக் கடைக் கடன்கள் எழுதப்பட்டன. எங்கள் வீட்டில் இன்றும் எழுதப்படுகின்றன. ஆனால் இங்கே கடன் கொடுப்பவர்கள் நாங்கள். கிள்ளானில் எங்கள் தாமானில் அம்மா காலைவேளையில் இடியாப்பம், தோசை, வடை செய்து விற்கிறார். வாங்குபவர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் கணக்கு அன்றாடம் 555 புத்தகத்தில் ஏறும். சம்பள நாளன்று இறங்கும்.

சென்ற ஆண்டு அந்தப் புத்தகம் மாவு வாளிக்குள் விழுந்துவிட்டது. நீல மை கரைந்து, 37 பேருடைய கணக்கு ஒரே நிறமாகிவிட்டது. நான் அப்போது நீண்ட விடுமுறையில் வீட்டில் இருந்தேன். கணக்கியல் மாணவன், எக்செல் மேக்ரோக்களை ஒரு பருவம் பாடமாகவும் படித்தவன். "இனிமே இந்தப் புத்தகம் வேணாம்மா, நான் கம்ப்யூட்டர்ல செஞ்சு தர்றேன்" என்று பெருமையோடு சொன்னேன். அந்தப் பெருமை எப்படி உடைந்தது, உடைந்த பிறகு எக்செலின் பட்டிகளைப் பற்றி நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பதே இக்கட்டுரை. உங்கள் வீட்டுக் கடைக்கோ கோயில் கணக்குக்கோ பேரவையின் வரவு செலவுக்கோ இது உதவக்கூடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மெனுவைப் பட்டி என்றும் டூல்பாரைக் கருவிப்பட்டை என்றும் குறிப்பிடுகிறேன். எக்செலுக்குள் நாமே நிரல் எழுதும் விபிஏ வசதி 1993இல் எக்செல் 5உடன் வந்தது. எக்செல் 97 முதல் 2003 வரை, பட்டிகளும் கருவிப்பட்டைகளும் 'கமாண்ட்பார்ஸ்' என்ற ஒரே தொகுதியின்கீழ் இருந்தன. மேலே வரிசையாக நிற்கும் பட்டிகளுக்கு நடுவே நமக்கென்று ஒன்றைச் செருகிவிடலாம். 2007இல் ரிப்பன் வந்து அந்த வரிசையையே எடுத்துவிட்டது. பழைய நிரல்கள் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் அவை உருவாக்கும் பட்டிகள் 'ஆட்-இன்ஸ்' என்ற ஒரு தாவலில், விருந்துக்குத் தாமதமாக வந்தவர்களைப்போல் ஓரமாக உட்கார வைக்கப்படுகின்றன. சுட்டியின் வலப்பக்கத்தைச் சொடுக்கினால் வரும் பட்டியை மட்டும் இன்றும் பழைய முறையிலேயே மாற்றலாம்.

நிரல் அதிகம் எழுத விரும்பாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. செய்யும் வேலையை ஒரு மேக்ரோவாகப் பதிவுசெய்து, கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமியுங்கள். பிறகு 'குவிக் ஆக்சஸ்' கருவிப்பட்டையின் அமைப்புப் பெட்டியைத் திறந்து, இடப்பக்கம் 'மேக்ரோஸ்' என்பதைத் தேர்ந்து, உங்கள் மேக்ரோவை வலப்பக்கத்துக்குத் தள்ளுங்கள். வலப்பக்கத்தின் மேலே இருக்கும் சிறு பெட்டியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதில் எல்லாக் கோப்புகளுக்கும் என்பதற்குப் பதிலாக இந்தக் கோப்புக்கு மட்டும் என்று மாற்றினால், பொத்தான் கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யும். 'மாடிஃபை' என்பதை அழுத்திப் படத்தையும் பெயரையும் மாற்றலாம். பெயரைத் தமிழிலேயே தட்டலாம். ஐந்து நிமிட வேலை. இதோடு நான் நிறுத்தியிருந்தால் பல தொல்லைகள் வந்திருக்காது.

ஆனால் நான் படித்ததையெல்லாம் காட்ட நினைத்தேன். வலச்சொடுக்குப் பட்டியில் தமிழில் நான்கு கட்டளைகள் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். வழி கடினமல்ல. கமாண்ட்பார்ஸில் 'செல்' என்ற பெயருள்ள பட்டியை எடுக்க வேண்டும். அதன் 'கன்ட்ரோல்ஸ்' தொகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'கேப்ஷன்' என்பதில் பெயரையும் 'ஆன்ஆக்‌ஷன்' என்பதில் ஓட வேண்டிய மேக்ரோவையும் கொடுக்க வேண்டும். நான்கே வரி. (தரவு 'டேபிள்' வடிவில் இருந்தால் இது வேலை செய்யாது, அங்கே வருவது 'லிஸ்ட் ரேஞ்ச் பாப்அப்' என்ற வேறொரு பட்டி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.)

சிக்கல் தமிழில் வந்தது. ஆல்ட்டும் எஃப்11உம் அழுத்தித் திறக்கும் விபிஏ எழுதுபலகை யூனிகோடுக்கு முற்பட்ட காலத்து வீடு. அங்கே தமிழில் தட்டினால் கேள்விக்குறிகள்தாம் வரும். விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதிகளில் தமிழுக்கென்று ஒன்று இல்லாததே காரணம். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய யூனிகோடு எண்ணை 'சிஎச்ஆர்டபிள்யூ' என்ற சார்பின்வழி கொடுக்க வேண்டும். தமிழின் எண்கள் 2944இலிருந்து 3071 வரையிலான பகுதிக்குள் வருகின்றன. 'பாக்கி' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 2986, 3006, 2965, 3021, 2965, 3007 என்று ஆறு எண்கள்: பகரம், கால், ககரம், புள்ளி, மீண்டும் ககரம், இகரக் கொக்கி. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டியதை 22 வயதில் எண்களால் கூட்டினேன். செய்திப் பெட்டியான 'எம்எஸ்ஜிபாக்ஸ்' இந்த எண்களையும் மதிக்காமல் கேள்விக்குறிகளையே காட்டியது. ஆகவே செய்திகளைப் பெட்டியில் காட்டாமல் தாளின் மேற்பகுதியில் ஒரு பெரிய கட்டத்தில் வரும்படி மாற்றினேன்.

இத்தனை பாடுபட்டு அம்மாவின்முன் வைத்த பட்டியில் முதல் வரி என்ன தெரியுமா? 'பெறத்தக்க கணக்குகள்'. நான் தேசிய இடைநிலைப்பள்ளியில் கணக்கியலை மலாயில் படித்தவன், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். தமிழில் கணக்குச் சொற்கள் எனக்குத் தெரியாது. அகராதியிலிருந்து எடுத்திருந்தேன்.

அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். அவர் படிவம் மூன்றோடு நின்றவர். ஆனால் நாளேடு, ஞாயிறு மலர் என்று ஒன்று விடாமல் தமிழ் வாசிப்பவர். "யாரு யார்ட்டேருந்து பெறத்தக்க?" என்று கேட்டார். நான் விளக்கினேன். "அதுக்குப் பாக்கின்னு ஒரு சொல் இருக்குதே, ஐயா" என்றார். அன்று மாலை அவர் புதிய 555 புத்தகம் ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

நண்பர்கள் சிலர் கேட்கலாம்: ஆபீஸ் மென்பொருளின் முகப்பையே தமிழுக்கு மாற்றும் வசதி இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு? அதையும் செய்து பார்த்தேன். எல்லாத் தாவல்களும் தமிழாகின. ஆனால் அவை எக்செல் செய்யும் வேலைகளின் பெயர்கள். வடிவமைப்பதும் செருகுவதும் அம்மாவின் வேலைகள் அல்ல. அவர் வேலைக்கு எந்த மொழியின் எக்செலிலும் பொத்தான் கிடையாது. தேவைப்பட்டது மொழிபெயர்ப்பு அன்று என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, கணினியைத் திறக்காமல், ஒரு தாளும் பென்சிலுமாக அடுப்படி வாசலில் உட்கார்ந்தேன். ஆட்கள் வரவர அம்மா என்ன சொல்கிறார் என்பதை மட்டும் எழுதினேன். ஒன்பது மணிக்குள் தாள் நிரம்பியது. ஆனால் வினைகள் என்று பார்த்தால் நான்குதான். 'கொண்டு போனாங்க.' 'காசு கொடுத்தாங்க.' 'நாளைக்கு வேணுமாம்.' கடைசியாக, கூட்டம் கலைந்தபின் அப்பாவிடம் கேட்டது: 'யாரு பாக்கி?' பற்றும் இல்லை, வரவும் இல்லை. எல்லாம் ஆட்கள் செய்யும் செயல்கள். என் விரிவுரைகளில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகரும். அம்மாவிடம் மனிதர்கள் நகர்கிறார்கள். அந்த நான்கையும் அப்படியே, பேச்சுவழக்கிலேயே பட்டியில் போட்டேன். 'கொண்டு சென்றனர்' என்று எழுத கை துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் என் தங்கை என்மேல் கோபமாக இருந்தாள். வீட்டில் ஒரே மடிக்கணினி. அவள் எஸ்டிபிஎம் வேலைக்கு எக்செலைத் திறந்தால் சூத்திரப் பட்டையைக் காணோம். வலச்சொடுக்கினால் 'பெறத்தக்க கணக்குகள்' ஏழு முறை வருகிறது. இரண்டும் என் கைங்கரியம். அம்மாவுக்குக் குழப்பம் வேண்டாமென்று சூத்திரப் பட்டையை மறைத்திருந்தேன். அது கோப்பின் அமைப்பு அன்று, எக்செல் முழுமைக்குமான அமைப்பு. கோப்பை மூடிய பின்னும் மறைந்தே இருக்கும். வலச்சொடுக்குப் பட்டியில் சேர்ப்பதும் அப்படியே. 'டெம்பரரி' என்பதற்கு 'ட்ரூ' கொடுக்காவிட்டால் எக்செல் அதைத் தன் அமைப்புக் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். அம்மாவின் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் மேக்ரோ இன்னொன்றைச் சேர்க்கும்.

கோப்பு மூடும்போது நீக்கினால் போதுமே என்று 'பிஃபோர்குளோஸ்' நிகழ்வில் நீக்க எழுதினேன். அதிலும் ஓர் ஓட்டை. மூடும்போது சேமிக்கவா என்று எக்செல் கேட்கும். அங்கே 'கேன்சல்' அழுத்தினால் கோப்பு திறந்தே இருக்கும், பட்டி மட்டும் போயிருக்கும். சரியான இடம் 'ஆக்டிவேட்', 'டீஆக்டிவேட்' என்ற இரண்டு நிகழ்வுகள். நம் கோப்பு முன்னுக்கு வரும்போது சேர். வேறு கோப்புக்குப் போனதும் நீக்கிப் பழையபடி ஆக்கு. சேர்க்கும் முன்பும் ஒரு முறை நீக்கிவிடுங்கள். தங்கையிடம் மன்னிப்புக் கேட்டதற்கு அவள் கேட்ட அபராதம் இங்கே வேண்டாம்.

இனி சொல்லப்போவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் கட்டுரைக்குப் பொருளில்லை.

புதிய சொற்கள் வந்தபின் அம்மா கணினிக்குப் பழகினார். பெயரின்மேல் சொடுக்குவார், 'கொண்டு போனாங்க' என்பார், தொகையைத் தட்டுவார். இரண்டாம் வாரம் நான், "இன்னும் எதுக்கும்மா 555?" என்று கேட்டு, அதில் எழுதுவதை நிறுத்த வைத்தேன். சம்பள நாள் வந்தது. ஒருவர் வந்து முழுப் பணத்தையும் கட்டினார். அம்மா அவசரத்தில் அதற்கு மேல் வரிசையிலிருந்த வேறோர் அக்காவின் பெயரில் 'காசு கொடுத்தாங்க' அழுத்திவிட்டார். என் மேக்ரோ அந்த அக்காவின் பாக்கியை நேராகச் சுழியம் ஆக்கிவிட்டது. அம்மா பதறி என்னைக் கூப்பிட்டார். நான் அலட்சியமாகக் கன்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மேக்ரோ ஒன்று தாளை மாற்றினால், அதற்கு முன்பிருந்த 'அன்டூ' பட்டியல் முழுவதும் அழிந்துவிடும். மேக்ரோ செய்ததையும் மீட்க முடியாது. இதைப் பாடத்தில் படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன்.

தொகை 84 ரிங்கிட்டாக இருக்கலாம் என்று அம்மாவுக்கு நினைவு. எழுதி வைத்தது எங்கும் இல்லை. கடைசியில் அந்த அக்காவிடமே கேட்க வேண்டியதாயிற்று. "அறுபதுன்னு நினைக்கிறேன் அண்ணி" என்றார் அவர். அவர் நினைவு அப்படி இருந்திருக்கலாம். அம்மா, "சரிம்மா, அறுபதே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். 24 ரிங்கிட் பெரிதன்று. ஆனால் இருபது வருடமாக யாரிடமும் 'நீங்க எவ்ளோ தரணும்?' என்று கேட்டறியாதவர், கடன் வாங்கியவரிடம் போய்த் தன் கணக்கைக் கேட்டு நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. 555 புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

கணக்கியலின் மிகப் பழைய விதி: எழுதியதை அழிக்காதே, பிழையானால் எதிர்ப்பதிவு போடு. மூன்று ஆண்டு படித்ததை என் நிரலில் நானே மீறியிருந்தேன். 555 புத்தகத்தில்கூட அம்மா கோடு கிழிப்பார். கிழித்த எண் கோட்டுக்கடியில் தெரியும். எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது எந்தப் பொத்தானும் எதையும் அழிப்பதில்லை. ஒவ்வொரு சொடுக்கும் 'பதிவு' என்ற தாளின் கடைசியில் தேதி, பெயர், தொகை என்று ஒரு வரியைச் சேர்க்கும். பாக்கி என்பது அந்த வரிகளை 'சம்இஃப்' கூட்டிச் சொல்லும் விடை மட்டுமே. ஐந்தாவதாக ஒரு பொத்தானும் வந்தது. கடைசி வரிக்கு நேர் எதிரான தொகையை இன்னொரு வரியாகச் சேர்க்கும் பொத்தான். 'ரத்து' என்று பெயரிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் அப்படியா சொல்லுவேன்?" என்றார். 'தப்பாயிடுச்சு' என்று வைத்தோம்.

பொத்தான்களை வலச்சொடுக்கிலிருந்து ரிப்பனுக்கு மாற்றியதும் இப்போதுதான். எக்ஸ்எல்எஸ்எம் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் 'கஸ்டம்யூஐ' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை வைத்தால், எக்செல் அதைப் படித்து நமக்கென ஒரு தாவலை உருவாக்கும். 'ஆபீஸ் ரிப்பன்எக்ஸ் எடிட்டர்' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்து தரும். அந்நேரம் கோப்பு எக்செலில் திறந்திருக்கக் கூடாது. தாவலுக்குள் குழு, குழுவுக்குள் பொத்தான் என்று அடுக்க வேண்டும். இங்கே விபிஏ எழுதுபலகையின் தொல்லை இல்லை. தமிழை அப்படியே எழுதலாம். 'ஸ்டார்ட்ஃப்ரம்ஸ்கிராட்ச்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்தால் எக்செலின் மற்றத் தாவல்கள் மறைந்து நம் பொத்தான்கள் மட்டும் நிற்கும். அதுவும் அந்தக் கோப்பு முன்னால் இருக்கும்வரைதான், தங்கைக்கு ஆபத்தில்லை. எக்ஸ்எம்எல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் எக்செல் வாய் திறக்காமல் தாவலைக் காட்டாமல் விட்டுவிடும். அமைப்புகளின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் ஆட்-இன் முகப்புப் பிழைகளைக் காட்டு என்ற பெட்டியை முன்கூட்டியே குறியிட்டால் எந்த வரியில் பிழை என்று சொல்லும். பொத்தான் அழைக்கும் மேக்ரோ, 'ஐரிப்பன்கன்ட்ரோல்' வகையில் ஒரு மதிப்பை வாங்கும்படி எழுதப்பட வேண்டும். பழைய மேக்ரோவை அப்படியே கோத்தால் பிழைச் செய்திதான் வரும்.

நான் செய்தவற்றில் உருப்படியானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். பொத்தான்களின் பெயர்களை எக்ஸ்எம்எல்லில் நிலையாக எழுதாமல் 'கெட்லேபல்' என்ற வழியைப் பயன்படுத்தினேன். அது ஒரு சிறு மேக்ரோவைக் கேட்கும். அந்த மேக்ரோ, 'சொல்' என்று பெயரிட்ட தாளின் ஐந்து கட்டங்களில் உள்ளதைப் படித்துச் சொல்லும். கட்டத்தில் உள்ள தமிழ் சிதையாமல் பொத்தானில் ஏறும். எண்களைக் கூட்டும் வேலையே இல்லை. முதலிலேயே இது தோன்றியிருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும். சொல்லை மாற்ற வேண்டுமானால் கட்டத்தில் மாற்றிவிட்டுக் கோப்பைச் சேமித்து, மூடித் திறந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தின்வழி வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்து வைக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பிய உங்கள் சொந்தக் கோப்பும் தடைபடலாம். கோப்பின் பண்புகளில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிட்டால் திறக்கும். எழுதியவரை அறியாத கோப்புக்கு இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, கைப்பேசியிலும் உலாவியிலும் இயங்கும் எக்செலில் விபிஏ ஓடாது. அம்மாவின் கணக்கு மடிக்கணினியை விட்டு நகராததற்கு அதுதான் காரணம்.

நான் பல்கலைக்கழகம் திரும்பினேன். அடுத்த பருவ இடைவேளையில் வீட்டுக்குப் போனபோது கோப்பைத் திறந்து பார்த்தேன். மேலே ஐந்து பொத்தான்கள். ஆனால் 'யாரு பாக்கி' இருந்த இடத்தில் 'மாசக் கடைசி' என்று இருந்தது. தங்கை மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, அம்மாதான். விண்டோஸில் அஞ்சல் விசைப்பலகையைத் தங்கை போட்டுக் கொடுக்க, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி மாற்றியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். காலையில் வாங்க வருபவர்கள் மேசையருகில்தான் நிற்கிறார்கள். இவ்வளவு பெரிய எழுத்தில் 'யாரு பாக்கி' என்று இருந்தால் அவர்கள் முகம் எப்படி ஆகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

555 புத்தகமும் மேசையிலேயே இருக்கிறது. இரண்டிலும் எழுதுகிறார், சனிக்கிழமை இரவு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். தீபாவளி முறுக்கு ஆர்டருக்கு ஆறாவது பொத்தான் ஒன்று கேட்டிருக்கிறார். அதன் பெயரை இன்னும் சொல்லவில்லை.